ஒல்லி மனுஷனுக்கு ஒரு கரண்டி சோறு

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். மச்சான் என்றால் என் மனைவி சுமதியின் அண்ணன். பந்தியில் உட்கார்ந்தேன். கேட்டரிங் ஆள் ஒரு பெரிய கரண்டி நிறையச் சோற்றோடு குனிந்தார். நான் இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்துவிட்டேன்.

"இன்னா சார், சோறு வாணாவா?"

"பொரியல் இன்னும் கொஞ்சம் போடுங்க. சுகர் வர்ற மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க..."

அவ்வளவுதான். பக்கத்து இலை, எதிர் இலை எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கா மாப்ள? காத்தடிச்சா பறந்துடுவீங்க. உங்களுக்கு எப்படி சுகர்?"

நியாயமான கேள்விதானே? ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் கேட்டேன்.

கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட் இன்றைக்கும் எனக்குச் சேரும். அந்தப் பெருமையிலேயே இருபது வருஷம் ஓட்டியவன் நான். சர்க்கரை என்பது தொப்பைக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு ஜாங்கிரியைக் கண்ட இடத்தில் ஒரு கை பார்த்துவிடுவேன். தாம்பரத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ப்ரீ-டயாபடீஸ். வாசல்ல நிக்குது சார். உள்ள விட்டுடாதீங்க."

சுமதி நம்பவே இல்லை. "ரிப்போர்ட் மாறியிருக்கும். வேற லேப்ல பார்க்கலாம்." பார்த்தோம். அங்கேயும் அதே வாசல்!

உடனே எனக்கு வீரம் வந்துவிட்டது. சோறு கட். இட்லி கட். மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு கொய்யாப்பழம்... கல்யாணப் பேன்ட்டுக்கு முதல்முறையாக பெல்ட் தேவைப்பட்டது. கொஞ்ச நாளில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை தேவைப்பட்டது.

இரும்புலியூரில் எங்கள் தெருக்காரர்கள் பாசக்காரர்கள். உடனே விசாரித்தார்கள். என்னை இல்லை, சுமதியை. "என்ன சுமதி, சார் இப்படி இளைச்சுட்டாரு? ஒழுங்கா சோறு போடறதில்லையா?"

நம் ஊரில் புருஷன் ஒல்லியாக இருந்தால் குற்றவாளி பெண்டாட்டிதான். விசாரணையே கிடையாது, நேராகத் தீர்ப்பு. இருபது வருஷமாக இந்தக் கேள்வியைச் சிரித்தே சமாளித்தவள், அன்றைக்குக் காய்கறி வண்டிக்காரர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து சமையலறையில் அழுதாள். "நான் போட்டதுதான் உங்களுக்கு வியாதியாச்சு. இப்போ போடாததும் என் தப்பா?"

எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. சர்க்கரை எனக்கு, தண்டனை அவளுக்கா?

மறுநாளே இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். என் எடையைப் பார்த்து அதட்டினார். "உங்களை யார் சார் இளைக்கச் சொன்னது? இருக்கிற கொஞ்சம் சதையும் போச்சுன்னா சர்க்கரைக்குக் கொண்டாட்டம்தான். பட்டினி கிடக்கக் கூடாது. முட்டை, சுண்டல், காய் எல்லாம் முதல்ல நல்லா சாப்பிடுங்க. அப்புறம் சோறு, ஒரே ஒரு கரண்டி. கொஞ்சம் வெயிட் தூக்கிப் பழகுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சுமதி, கடைசியில் முரண்டு பிடித்தாள். "ஒத்தைக் கரண்டி மட்டும் போட மாட்டேன் டாக்டர். ஆகாது."

அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. சோறு பரிமாறினால் இரண்டாவது தடவை ஒரு பருக்கையாவது போட்டாக வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்துவது படையலுக்குத்தானாம், உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இல்லையாம். சரி, பருக்கைதானே என்கிறீர்களா? சுமதியின் இரண்டாவது தடவை எப்போதுமே முதல் தடவையைவிடப் பெரிசு. பிரியத்தை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கரண்டியால்தான் சொல்வாள். அதைப் போய் வேண்டாம் என்று எப்படித் தடுப்பது?

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்போ நீங்களே ஒரு வழி கண்டுபிடிங்கம்மா."

கண்டுபிடித்தாள். எப்படி என்கிறீர்களா? பந்திக்கு வாருங்கள்...

மச்சான் சிரித்து முடிப்பதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். என் இலையைப் பார்த்தார். "என்ன சுமதி, உன் வீட்டுக்காரரைப் பட்டினி போடறியா?"

என் பக்கத்தில் நின்றிருந்த சுமதி ஹேண்ட்பேகைத் திறந்தாள். எங்கள் மகளுக்குச் சின்ன வயசில் பருப்பு சாதம் போட்ட குட்டிக் கரண்டியை எடுத்தாள். கேட்டரிங் ஆளின் பாத்திரத்திலிருந்து ஒரு தடவை போட்டாள். நிதானமாக இன்னொரு தடவை போட்டாள். இரண்டும் சேர்ந்தால் சரியாக டாக்டரம்மாவின் ஒரு கரண்டி!

"இன்னாமா இது, வூட்லேர்ந்தே கரண்டி எத்துக்கினு வந்துட்டீங்க?" என்று கேட்டரிங் ஆள் வாயைப் பிளந்தார்.

"ரெண்டு தடவை போட்டாச்சு அண்ணி" என்றாள் சுமதி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எடையும் பழையபடி ஏறிடுச்சு. சர்க்கரையும் வாசல்லேர்ந்து தெருவுக்கு இறங்கிடுச்சு. இனிமே யாராவது கேளுங்க, நான் சோறு போடறேனா இல்லையான்னு!"

எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்த தைரியத்தில், மூன்றாவது தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று மெல்ல நிமிர்ந்தேன்...

கரண்டி ஹேண்ட்பேகுக்குள் போய், ஜிப்பும் மூடியாகிவிட்டது.