இரண்டு தண்ணீர், ஒரு குழாய்

வாயில் அரக்கு வைத்து மூடிய இரண்டு லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வக மேசையில் இருந்த காட்சி எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. கூடலூர் சாலையிலுள்ள எங்கள் கல்லூரியில் உணவுப் பதப்படுத்துதல் பட்டப்படிப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். சுற்றிலும் திராட்சையும் வாழையும் விளைய, அந்தப் படிப்புக்காக எங்கள் பிள்ளைகள் வெளியூர் போய்க்கொண்டிருந்தார்கள். ஆய்வகத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று முதல் ஆண்டு விண்ணப்பம் திரும்பியது. இரண்டாம் ஆண்டு அந்தக் கேனில் அனுப்பிய மாதிரியும் அதே காரணத்தால் தோற்றது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மீதம்.

திரும்பி வந்த கேனைக் கழுவியபடியே ஆய்வக உதவியாளர் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: “அந்தக் குழாயில காலைல ஆத்துத் தண்ணி வரும், பத்து மணிக்கு மேல உப்புக் கரிக்கிற போர் தண்ணி. ரெண்டு வருசமும் சார்மாருக மத்தியானந்தான் புடிச்சாக.”

“ஏன்க்கா சொல்லல?”

“கேட்டாகளா?”

முதல் ஆண்டுப் பொறுப்பாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார். அவர் பட்டது இரண்டாமவருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அறிவு மேலாண்மைக்கென்று முதல்வர் ஒரு மென்பொருளே வாங்கியிருந்தார். அதைத் திறந்தேன். உள்ளே இருந்தவை எல்லாம் பொன்னாடை போர்த்தும் விழாப் படங்கள். அக்கா எட்டிப் பார்த்தார்.

“பொன்னாடையப் பிழிஞ்சா தண்ணி வரும்னு பாக்குறீகளா மேடம்?”

அந்த வாரக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். எந்த வேலை முடிந்தாலும் ‘எங்கே தவறினோம்’ என்று ஒரு பக்கம் எழுதிப் பதிவேற்ற வேண்டும். அடுத்த பொறுப்பாளர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே கோப்பை வாங்க வேண்டும்.

“நம்ம கையாலயே நமக்கு மெமோ எழுதச் சொல்றீகளா?” என்றார் வணிகவியல் பேராசிரியர். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல்வர் பேனாவை எடுத்தார். ‘இரண்டு ஆண்டுத் தண்ணீர் அறிக்கையிலும் படிக்காமல் கையெழுத்திட்டவன் நான்’ என்று எழுதி எல்லோருக்கும் காட்டினார். அதன்பின் பக்கங்கள் தாமாகவே வந்தன.

அக்கா சொல்லச் சொல்ல அவர் பக்கத்தை நான் தட்டச்சு செய்தேன். ஆற்று நீரையும் போர் நீரையும் மாற்றிவிடும் வால்வு இருக்கும் இடத்தை அவரே வரைந்து அம்புக்குறி போட்டார். முடித்ததும், “எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு என்னைய யாரு மேடம் கூப்பிடுவாக?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அதையும் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

மூன்றாம் முறை பொறுப்பேற்றவர் பணியில் சேர்ந்து இரண்டே மாதமான ஆசிரியை. அக்காவோ மகளின் பிரசவத்துக்காகத் தேவாரம் ஊருக்குப் போயிருந்தார். அவரது கைப்பேசியும் அணைந்திருந்தது. ஆசிரியை அந்தப் பக்கத்தைப் படித்துக் கையெழுத்திட்டார். ஆற்றுநீர்த் தொட்டியிலிருந்து அந்த ஆய்வகத்துக்குத் தனிக் குழாய் போடச் செய்தார். அதன் பிறகே மாதிரி எடுத்தார். பார்வையிட வந்த ஆய்வுக் குழுத் தலைவர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, அக்கா வரைந்த படத்தையே நீட்டினார்.

அனுமதி வந்தது! அறிவிப்பை முதல்வர் இரண்டு முறை வாசித்தார். கூச்சலில் இரண்டாம் முறை எதுவுமே காதில் விழவில்லை. நானும் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன். இன்று அந்தப் படிப்பில் இரண்டாம் தொகுதி மாணவர்கள் படிக்கிறார்கள்.

அனுமதி வந்த அன்றே அக்காவைத் தொடர்பு கொண்டேன். இம்முறை எடுத்தார்; செய்தியைச் சொன்னேன்.

“நான் இல்லாமலேயா?”

மறுமுனையில் பச்சைக் குழந்தை அழுதது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே அவர் சிரித்துவிட்டார்.

“அப்பச் சரி மேடம். இத்தன வருசத்துல மொத தடவையா இன்னும் பத்து நாளு லீவு போடுறேன். எழுதிக்கங்க.”