சட்டைக்கு வந்த அவசரம்

பக்கவாதத்தில் விழுந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நர்ஸம்மா. பல வீடுகளில் பல முதலாளிகளைப் பார்த்துச் சலித்தவள். பாடுபட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறை வரை நடக்க வைத்திருந்தாள். சம்பளம் கொடுக்கும் மகனுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. முன்பே நாயைக் குளிப்பாட்டச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், அன்று கசங்கிய சட்டைகளை அள்ளி வந்தான்.

"அப்பாவுக்கு டயப்பர் கட்டிடுங்க. மிச்சமாகுற நேரத்துல இதையெல்லாம் அயர்ன் பண்ணலாமே?"

"நடக்குற மனுஷனுக்கு எதுக்கு டயப்பர்? படுக்கையில போட்டா கால் முடங்கிப்போயிடும் தம்பி. சட்டை கசங்கி யாரும் செத்ததில்ல."

"சம்பளம் தர்றது நான்."

"அவரைப் பார்த்துக்கத்தான் தர்றீங்க. முடக்கிப்போட இல்ல."

"அப்ப நாளையிலேர்ந்து வராதீங்க!"

"சரி, வரல."

அந்நேரம் பெரியவர் கட்டிலிலிருந்து, "அவசரம்டா!" என்றார். நர்ஸம்மா அசையாமல் மகனைப் பார்த்தாள். ஊரை அதட்டும் அந்தச் சூரன், பெற்ற தகப்பனைத் தொட மனமில்லாமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினான்.

"இதுக்கா இவ்வளவு வாய்?" என்றபடி நர்ஸம்மா பெரியவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"நாளைக்கு வந்துடுங்க நர்ஸம்மா," என்றான் அவன்.

"அதை அப்புறம் பேசலாம். இப்ப கழிப்பறைக் கதவைத் திறந்து பிடிங்க."

பிடித்தான்.