பதிலுக்கு நின்ற பிள்ளை

நான் முதன்முதலில் கர்ப்பமானது, சம்பளப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில். மட்டக்களப்பில் ஒரு தாதியர் பயிற்சிக் கல்லூரியில் அப்போது நான் கிளாக்கர். இப்போதும் கிளாக்கர்தான், பெயரை மட்டும் முகாமைத்துவ உதவியாளர் என்று நீட்டிவிட்டார்கள். மகப்பேற்றுப் பாடம் எடுக்கிற டியூட்டர் மிஸ் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் கீழே பார்த்தார். பிறகு, "அண்ணன், உங்கட வயிறு எனக்கு ஒருக்கா வேணும்" என்றார். சற்று நேரத்தில் நான் செயல்முறை அறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். சட்டைக்கு மேலே ஒரு தலையணை. அதன் உறைக்குள்ளே, பிள்ளையின் தலைக்கு ஒரு உரித்த தேங்காய், முதுகுக்கு ஒரு சுருட்டிய துவாய். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க ஒரு பழைய சேலை. சுற்றிவர வெள்ளைச் சீருடையில் பெண்பிள்ளைகள், சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டு. நிறைய வாசிக்கிற மனிசன் என்று ஊரில் எனக்கு ஒரு சின்ன மரியாதை இருந்தது. அன்றைக்கு அதையும் அந்தச் சேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

தேங்காயை ஒவ்வொரு மாணவிக்கும் இடம் மாற்றி வைப்பார் டியூட்டர் மிஸ். தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விதி இருந்தது. "தாய் ஓம் எண்டு சொல்லாம அவட வயித்தில கை வைக்கக் கூடா. கேட்டாக் காணாது. பதில் வரணும்." பதில் சொல்லும் அதிகாரம் என்னிடம் தரப்பட்டது. அதிகாரம் கையில் கிடைத்த கிளாக்கர் என்ன செய்வானோ அதையே செய்தேன்: இழுத்தடித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். போன முறை வந்த நேர்ஸ் மிஸி ஏசிப்போட்டுப் போனா, என்னைத் தொட வேண்டாம் என்று கோபிப்பேன். சில நேரம் ஒன்றுமே சொல்லாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அப்போது அந்தப் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பேரைக் கேட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கி, மறுபடியும் கேட்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் நின்று ஆலோசனை சொல்வார்கள். அவட மாமியாரப் பத்திக் கேள் கா, மனம் விட்டுக் கதைப்பா என்று ஒருத்தி சொன்னாள். கேட்டார்கள். நான் கதைத்தேன். என் மாமியாரைப் பற்றி அந்தக் கட்டிலில் நான் சொன்னவை என் மனைவியின் காதுக்கு இன்றுவரை போகவில்லை.

கல்லூரியில் பொம்மை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வெளிநாட்டுக்காரர் நன்கொடையாகக் கொடுத்த, வயிறு திறந்து மூடுகிற, உள்ளே பிள்ளையும் உள்ள அருமையான பொம்மை. அது கண்ணாடி அலுமாரியில், வந்த பொலித்தீன்கூடக் கழற்றப்படாமல், பூட்டி வைக்கப்பட்டிருந்தது. திறப்புக்கொத்து கல்லூரி அதிபரின் இடுப்பில். பழுதாகிப் போனால் யார் பொறுப்பு என்பது அவருடைய கேள்வி. பெரியவர்கள் யாரும் பார்வையிட வந்தால் அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தப் பொம்மையின் வயிற்றுக்கு இருந்த காவலில் ஒரு பங்கு, இந்த வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைப்பேற்றுக்கு வருகிற ஒரு மனிசிக்காவது கிடைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதிபர் பாடம் நடத்தும் முறையையும் சொல்ல வேண்டும். ஒரு மஞ்சள் பிடித்த நோட்ஸை அவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். கமா, ஃபுல்ஸ்டொப் எல்லாம் வாயால் சொல்லுவார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டால் வகுப்பு நன்றாக நடக்கிறது என்று பொருள். டியூட்டர் மிஸ்ஸின் அறையிலிருந்து சிரிப்புக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் தன் அறை யன்னலைச் சாத்துவார். அதைச் சத்தமாகச் சாத்துவார்.

டியூட்டர் மிஸ் என்னைவிட வயதில் குறைந்தவர். பெரியகல்லாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். பொறுமைசாலி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. பேச்சில் அனல் பறக்கும். ஆனால் வாய் திறக்காத பிள்ளையை மட்டும் அவர் ஏசிக் கண்டதில்லை. அப்படி ஒரு பிள்ளை வாகரைப் பக்கமிருந்து வந்து சேர்ந்திருந்தாள். கேள்வி கேட்டால் தன் சப்பாத்தைப் பார்ப்பாள். அதிபரின் வகுப்பில் அவள்தான் மிகச் சிறந்த மாணவி, ஏனென்றால் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. என் கட்டிலுக்கு முதல் முறை வந்தபோது அவள் கேட்டது எனக்கே கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அவள் நின்றாள். டியூட்டர் மிஸ்ஸும் நின்றார், ஒரு வார்த்தை உதவாமல். கடைசியில் அந்தப் பிள்ளை கதிரையில் இருந்து, என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, "அம்மா, என்ட கை கொஞ்சம் குளிரும். பொறுத்துக்கொள்ளுவீங்களா?" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வசனம். ஓம் என்பதை நான் தலையால்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது: தாய் பேசாமல் கிடந்தால், நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். மாதங்கள் போக அவள் என்னோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்தாள். அங்கிள், நீங்க வேணுமெண்டு நடிக்கிறீங்க, உண்மையான தாய் இப்படிச் செய்ய மாட்டா என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

செயல்முறைப் பரீட்சை அன்று அலுமாரி திறந்தது. பொலித்தீன் கழன்றது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அம்மா, நேரம் முடிந்தால் அடிப்பதற்கு மேசையில் ஒரு அழுத்து மணியை வைத்துக்கொண்டு இருந்தார். நான் புள்ளித்தாள்களைக் கொடுத்துவிட்டு வாசலோரம் நின்றேன். மற்றப் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். பொம்மை பேசாது என்று தெரிந்து, அனுமதி கேட்ட மூச்சிலேயே கையை வைத்து, வேலையை முடித்துக்கொண்டு வந்தார்கள். வாகரைப் பிள்ளையின் முறை வந்தது. அவள் திரையை இழுத்து மறைப்புச் செய்தாள், கை கழுவினாள், பொம்மையின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பொம்மை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, அச்சாக நான் கிடப்பதைப் போலவே. அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கையைத் தேய்த்துச் சூடாக்கினாள். பயப்பட வேண்டாம் என்றாள். மறுபடியும் கேட்டாள்.

"பிள்ள, அது பொம்ம" என்றார் பரீட்சகர்.

"ஓம் மெடம். ஆனா அவ இன்னும் ஓம் எண்டு சொல்லல்ல."

மணி அடித்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். புள்ளித்தாள் பின்னால் என் கைக்குத்தான் வந்தது. அனுமதி கேட்டலுக்கு ஒரு புள்ளி போட்டிருந்தது. பதிலுக்குக் காத்திருத்தல் என்று அதில் ஒரு வரியே கிடையாது. தொட்டுப் பார்ப்பதற்கான புள்ளிகள் எல்லாம் பூச்சியம்.

டியூட்டர் மிஸ் அதிபரின் அறைக்குள் போய் நின்று கத்தியது வளவு முழுக்கக் கேட்டது. அந்த மண்டபத்தில் அந்தப் பொம்மையை ஒரு தாயாக நினைத்தது இந்தப் பிள்ளை ஒருத்திதான் என்றார். அதிபர் குரலை உயர்த்தவில்லை. "மிஸ், இது நேர்சிங் ஸ்கூலா, கூத்துக் களரியா?" என்று மட்டும் கேட்டார். மறுபரீட்சை உண்டு, அதிலும் தவறினால் பயிற்சியிலிருந்து நீக்கம் என்று விதியை எடுத்துச் சொன்னார். தன் நோட்ஸை மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஒருவரும் தவறியதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். அது உண்மை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அடுத்து வந்த பின்னேரங்களில் டியூட்டர் மிஸ் என்னை மறுபடியும் கட்டிலில் ஏற்றினார். தேங்காய், துவாய், சேலை எல்லாம் பழையபடியே. "அண்ணன், இனி நீங்க பொம்ம. கதைக்கக் கூடா. தலையாட்டவும் கூடா" என்றார். வாழ்நாளில் வாய் மூடிப் பழக்கமில்லாத எனக்கு அதைவிடக் கஷ்டமான வேடம் ஒன்று தந்திருக்க முடியாது. வாகரைப் பிள்ளை வந்தாள், கேட்டாள், நின்றாள். நிற்காதே, கேட்டுக்கொண்டே கையை வை என்றார் மிஸ். அவள் மறுபடியும் கேட்டு, மறுபடியும் நின்றாள். அவளுடைய கண் என் முகத்துக்கே வந்தது. நாள்தோறும் வந்தது. கடைசியில் டியூட்டர் மிஸ் ஒரு துவாயை எடுத்து என் முகத்தை மூடினார்.

அதற்குள் இருட்டும் சவர்க்கார வாசமும். வெளியே மிஸ் மேசையில் தட்டுவது கேட்டது. பிறகு அவள் குரல், மூச்சு விடாமல்: அம்மா நான் உங்கட வயித்தத் தொட்டுப் பாக்கப் போறன் சரியா. "சரியா" வருவதற்கு முன்னமே கை வந்து தேங்காயில் நின்றது. கெதியான, நல்ல கை. தலை மேலே, முதுகு இடப்பக்கம் என்று பிழையில்லாமல் சொன்னாள். "இதத்தான் கேக்கிறாங்க" என்றார் டியூட்டர் மிஸ். அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. துவாயை எடுத்தபோது பிள்ளை கை கழுவிக்கொண்டு நின்றாள்.

மறுபரீட்சையில் அவளுக்கு எல்லாப் புள்ளியும் கிடைத்தது. அதிபர் என்னை அனுப்பி எல்லாருக்கும் கேக் வாங்குவித்தார். டியூட்டர் மிஸ் அந்தக் கேக்கைத் தொடவில்லை. அடுத்த வருடம் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கேயும் படிப்பிக்கிறார். நோயாளியாகக் கிடந்து நடிக்க அங்கே மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறார்களாம். "உங்கட வயித்துக்கு இஞ்ச நல்ல டிமாண்ட் அண்ணன்" என்று தொலைபேசியில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இங்கே அது இலவசமாகக் கிடந்தது. கூத்து என்று சொல்லி இறக்கிவிட்டார்கள்.

போன மாதம் எங்கள் மண்டபத்தில் ஒரு செயலமர்வு. தலைப்பு, மாணவரை ஈடுபடுத்தும் கற்பித்தல் முறைகள். அதை நடத்த வந்த வளவாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஓய்வுபெற்ற நம் அதிபரேதான். மஞ்சள் நோட்ஸ் இப்போது ஸ்லைட் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஸ்லைட்டையும் மேலிருந்து கீழே வாசித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் "கேள்வி ஏதும் இருக்கா, சரி இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி அடுத்ததற்குப் போனார். எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றேன். தேநீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இடைவேளையில் வாகரைப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய கை வேகத்தைப் பற்றிக் கூட வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள், ஒரு காலைக்குள் எத்தனை தாய்மாரைப் பார்த்து முடிப்பாள் என்று. சப்பாத்தைப் பார்க்கிற பழக்கமெல்லாம் போய்விட்டது. "அங்கிள், வயிறு வத்திட்டு, பிள்ள பிறந்திட்டா?" என்று பகிடி விட்டாள். எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் கேட்டேன்.

"இப்பயும் பதிலுக்கு நிக்கிறயா பிள்ள?"

கையில் பாதி கடித்த பணிசோடு அவள் யோசித்தாள். மறைக்கவில்லை, நடிக்கவில்லை. எனக்காக நேர்மையாக ஞாபகத்தில் தேடிப் பார்த்தாள்.

"என்ன பதிலுக்கு அங்கிள்?"