போத்தலில் வந்த சாமி

ஈரச் சாக்கும் விறகுப் புகையும் கலந்த மணம் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு இன்றும் சிரிப்புத்தான் வரும். ஏனென்றால் என் பத்தாவது வயதில், ஜெர்மனியில் நாங்கள் இருந்த சிற்றூரின் ஆற்றங்கரையில், என் அம்மா மத்தியகால அரசன் ஒருவனோடு மல்லுக்கு நின்ற நாள் அந்த மணத்தோடுதான் விடிந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சமாம் ஆண்டு அது. தன் குடிகளையெல்லாம் கிறிஸ்தவர்களாக்கிய ஓர் அரசனைப் பற்றி அங்கே படம் எடுத்தார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் போதாது என்றதும், படக்காரருக்குச் சமைத்துக்கொண்டிருந்த அப்பா அம்மாவையும் என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பழைய ஜெர்மன் ஊரில் யாழ்ப்பாணத்து முகங்களா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் சாக்கு உடுப்பு; முகத்தில் அள்ளி அப்பிய சேற்றில் வெள்ளையென்ன, கறுப்பென்ன! நானோ படத்தில் வரப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கப் பெருமையாகப் "புளுகி" வைத்திருந்தேன்.

அரசன் கையசைத்ததும் குடிகள் தங்கள் பழைய கடவுளைக் கயிறு கட்டிச் சாய்த்து, ஆற்றில் தள்ளிவிட்டு, ஞானஸ்நானம் பெறவேண்டும். கடவுள் "றெஜிபோம்" என்கிற நுரைப்பலகையில் செய்து மரநிறம் பூசிய, எடையில்லாத ஆள். ஆனாலும் கையில் கொடுத்த கயிற்றை அம்மா கீழே போட்டுவிட்டார்.

"ஆருடைய சாமியெண்டாலும் சாமிதானே. என்னாலை ஏலாது."

இழுக்காவிட்டால் இருவரும் விலகி நிற்கவேண்டியதுதான் என்றார் இயக்குநர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்த அம்மா சற்று யோசித்தார். கோயில் திருத்த வேலைக்கு முன் "பாலஸ்தாபனம்" செய்வார்கள். சாமியைக் கும்பத்து நீரில் இறக்கி வேறிடத்தில் இருத்திவிட்டால் பிறகு சிலையில் கைவைக்கலாம். ஐயர் செய்கிற அந்த வேலையை அம்மா தானே கையிலெடுத்தார். என் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, மாவிலைக்குப் பதில் ஓக் இலைகளை அதன் வாயில் செருகி, சிலைக்கு முன் வைத்துத் தேவாரம் பாடத் தொடங்கினார். கிரீடம் வைத்த அரசன் பாதி கடித்த ரொட்டியோடு வாய் பிளந்து நின்றார். நான் தட்டுத்தடுமாறி ஜெர்மனில் விளக்கியதும், இயக்குநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தேவாரம் முடியும்வரை காத்திருந்தார்.

பிறகு அம்மா இழுத்த இழுப்பிருக்கிறதே! அரசன் கையசைக்கும் முன்னரே கடவுள் குப்புற விழுந்துவிட்டார். ஆற்றங்கரையே சிரித்தது. சிலையை நிமிர்த்தி மறுபடி எடுத்தார்கள்.

படம் வந்தபோது சொந்தபந்தமெல்லாம் ஊர்த் திரையரங்கில் ஒரு வரிசையை நிரப்பினோம். சேற்று முகங்களுக்குள் என்னை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கயிறும் கையுமாக அம்மா வந்ததும் சித்தப்பா விசிலடித்தார், எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

அந்தத் திரையரங்கு இப்போது மேசை கதிரை விற்கும் தளபாடக் கடை; படமும் யாருக்கும் நினைவில்லை. போத்தல் தண்ணீரை அம்மா அன்றைக்கே செம்பில் ஊற்றி முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். வற்ற வற்ற இன்னமும் நிரப்புகிறார், வெள்ளிதோறும் பூ வைக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில், பேர்கூடத் தெரியாத அவரை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்று சீண்டினேன்.

"திரும்பிப் போக அவருக்கு இடமில்லைப் பிள்ளை," என்றார் அம்மா. "நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள். இருக்கட்டும்."