நான்காவது கியர் விழாத கார்

நௌஃபாவின் காரில் ஏறும் நாலு டீச்சர்களும் ஒரு பொய்யை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால், நாலு பேரும் நௌஃபாவின் சின்னம்மா மகள்கள். சொந்தக் காரில் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். எங்கள் ஸர்கா நகரத்திலிருந்து பாலைவனச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு விடியற்காலையில் பஸ் இல்லை என்பது நிஜம். ஒருமுறை போலீஸ்காரர் கேட்டே விட்டார்.

"நாலு பேரும் ஒரே வீட்டுப் பொண்ணுங்களா?"

"சின்னம்மாவுக்குப் பதினோரு பொண்ணு சார். இது பாதிகூட இல்ல" என்றாள் கணக்கு டீச்சர் ருதைனா. அவர் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

நௌஃபாவுக்கு நாற்பத்து நாலு வயது. கல் குவாரியில் முதுகை ஒடித்துக்கொண்ட கணவர் வீட்டில் இருக்கிறார். மூன்று பிள்ளைகள், மூத்தவன் நாயிஃப். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் 'உம்மு நாயிஃப்', நாயிஃபின் அம்மா. கார் வாங்குவதற்கு முன்பு எட்டு வருடம் தையல் ஆலையில் பொத்தான் துளை போட்டாள். அங்கே கழிப்பறைக்குப் போகவும் மேற்பார்வையாளரிடம் சீட்டு வாங்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன்பு கல்யாண வளையல்களை விற்று, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் தொண்ணூற்றேழாம் வருடத்துக் கொரியக் கார் ஒன்றை வாங்கினாள். எங்கள் ஊரில் பழைய கார் வாங்குகிறவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன் பரிசோதனைக் காகிதத்தைப் பார்ப்பார்கள். அவளுடையதில் அடிச்சட்டத்தின் நாலு முனைக்கும் நேரே 'நல்லது' என்று இருந்தது. என்ஜினுக்கு எழுபத்தைந்து சதவீதம். நாலு முனையும் நல்லதாக இருந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை.

மற்றதை மாற்றுவதுதான் அவள் வேலையாகிப் போனது. முதலில் முன் சக்கரத்து பால் ஜாயிண்ட், இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது தினார். பிறகு ஆக்சில் ரப்பர் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்தது. பின் ஜன்னல் கண்ணாடி ஒருநாள் கதவுக்குள் விழுந்துவிட்டது, அதை மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்தாள். மூன்று கோடைக்கு முன்பு மேட்டில் ஏறும்போது தண்ணீர் கொதித்துப் புகை வந்தது. மெக்கானிக் அபூ தய்சீர் என்ஜினிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு வால்வைக் கழற்றித் தூக்கி எறிந்தார். தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற தெர்மோஸ்டாட் அது.

"இது பனி விழற நாட்டுக்காரனுக்கு வச்சது. நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்றார். இங்கே எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து தினாரோடு வேலை முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

அப்போது அவள் ஊருக்குள்ளேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேகத்துக்கு நான்காவது கியர் தேவைப்பட்டதே இல்லை. டீச்சர்களின் நீண்ட சாலை இந்த வருடம்தான் கிடைத்தது. டிசம்பரில் குளிர் இறங்கியதும் காலையில் கார் நான்காவது கியருக்குப் போகவே மறுத்தது. மூன்றாவதில் கத்திக்கொண்டே ஓடியது. நாலு நாள் வர வேண்டிய பெட்ரோல் இரண்டரை நாளில் தீர்ந்தது. மத்தியானம் திரும்பும்போது சில நாள் கியர் விழும், சில நாள் விழாது.

அபூ தய்சீர் ஒரு காலையில் ஓட்டிப் பார்த்தார். "கியர் பாக்ஸ் உயிரை விட்டுட்டிருக்கு உம்மு நாயிஃப். பழைய சாமான் கடையில வேற வாங்கிப் போட்டா முந்நூத்தம்பது ஆகும்."

அவளிடம் அவ்வளவு இல்லை. கார்களை உடைத்து விற்கிற ஃபவ்வாஸ் வந்து சுற்றிப் பார்த்தான்.

"காகிதம்தான் அழகா இருக்கு அக்கா. காரை இங்க விட்டுட்டுக் காகிதத்தை ஓட்டிட்டுப் போங்க" என்றான். எழுநூறு தருவதாகவும் வியாழக்கிழமை பணத்தோடு வருவதாகவும் சொன்னான். அவள் தலையாட்டினாள். தையல் ஆலையிலேயே வேலை செய்யும் பெரியப்பா மகள் இன்ஸாஃப் மேற்பார்வையாளரிடம் பேசி, வேலை வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை முதல் பழைய மெஷினிலேயே அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ருதைனா கைகளைத் தேய்த்துக்கொண்டு, "உம்மு நாயிஃப், ஹீட்டர் போட்டியா, ஏசி போட்டியா? கால் விரல் எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாக்கணும்" என்றாள்.

கடைசி மூன்று நாளாவது இவர்கள் குளிரில் நடுங்காமல் போகட்டும் என்று நௌஃபா நினைத்தாள். லாரிக்காரர்கள் குளிர்காலத்தில் ரேடியேட்டர் முன்னால் அட்டை செருகுவதை அவள் பார்த்திருக்கிறாள். காரை ஓரங்கட்டி, டிக்கியில் கிடந்த பிஸ்கெட் அட்டைப்பெட்டியைக் கிழித்து முன்னால் செருகினாள். பத்து நிமிடத்தில் ஹீட்டரில் சூடு வந்தது. அப்புறம் கார் லேசாகத் தூக்கிப்போட்டது, என்ஜினின் கத்தல் அடங்கியது. நான்காவது கியர் விழுந்திருந்தது.

அவள் மீட்டரைப் பார்த்தாள். வெப்பம் காட்டும் முள் எப்போதும் அடியிலேயே படுத்திருக்கும், இப்போது பாதிக்கு ஏறியிருந்தது. திரும்பி வரும் வழியில், யாரும் இல்லாதபோது, நிறுத்தி அட்டையை எடுத்துவிட்டு ஓட்டினாள். வானம் மூடி, காற்று சில்லென்று இருந்தது. முள் இறங்கியது, கியரும் இறங்கியது. மறுபடி செருகினாள், இரண்டும் ஏறின.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனாள்.

"அபூ தய்சீர், செத்துப்போன கியர் பாக்ஸ் அட்டை வச்சா எழுந்திரிக்குமா?"

அவர் நம்பவில்லை. அவளோடு ஏறிப் போய், ஒருமுறை அட்டையோடும் ஒருமுறை அட்டை இல்லாமலும் பார்த்துவிட்டு வந்தார். வெகுநேரம் துணியில் கையைத் துடைத்தார்.

"என்ஜின் சூடாகாம நாலாவதுக்குப் போகக் கூடாதுன்னு இதோட கம்ப்யூட்டருக்குச் சொல்லி வச்சிருக்கான். நான்தான் அடைச்சுக்கிட்ட வால்வுக்குப் புதுசு போடாம எறிஞ்சு, சூடாகவே விடாம பண்ணிட்டேன்" என்றார்.

"எறிஞ்சீங்களே, அந்த வால்வு எவ்வளவு?"

"ஆறு தினார்."

"அந்த ஆறு தினாருக்காக நான் காரையே வித்திருப்பேன்."

"வித்திருந்தா என் பாவம்தான்" என்றார். பையனை அனுப்பாமல் தானே கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டினார். பிறகு என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, மறைக்காமல் சொன்னார். "மூணு வருஷம் குளிர்லயே ஓடி உள்ள தேய்ஞ்சிருக்கு. இனிமே எண்ணெய் குடிக்கும். வாராவாரம் பாத்து ஊத்தணும்."

"எத்தனை காலம் ஓடும்?"

"ரெண்டு வருஷம். நல்லா பாத்துக்கிட்டா மூணு."

"கியர் பாக்ஸ் செத்துப்போச்சுன்னும் இப்படித்தான் சொன்னீங்க."

அவர் என்ஜின் மூடியை இறக்கினார். கூலி வாங்கவில்லை.

வியாழக்கிழமை வந்த ஃபவ்வாஸ் விலையை எழுநூற்று ஐம்பது வரை ஏற்றிப் பார்த்தும் அவள் விற்க மறுத்ததால், டீ குடித்துவிட்டுப் போனான். அன்று மாலையே அவள் இன்ஸாஃபுக்குப் போன் செய்து, ஆலைக்கு வரவில்லை என்றாள்.

"உனக்காக அந்த ஆள்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமாடி? இப்ப அந்தப் பழைய தகரத்தை நம்பி வேலைய விடறியா? அடுத்த மாசம் வேற எங்கயாவது புட்டுக்கும்."

"புட்டுக்கட்டும். அதுக்கு மாத்த சாமான் கெடைக்கும் இன்ஸாஃப். என் கண்ணுக்கும் விரலுக்கும் எங்க கெடைக்கும்?"

இன்ஸாஃபும் பொத்தான் துளைதான் போடுகிறாள். "சரி, நான் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு நௌஃபா ஓர் எண்ணெய் டப்பாவை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கார் லேசாகத் தூக்கிப்போட்டு நான்காவதுக்குப் போனது. பின்னால் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. ருதைனா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.