விரத இலையில் வெங்காயம்

சிறுவாச்சூர் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாப் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறோம். திங்கள்கிழமை, நல்ல கூட்டம். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று என் மனைவி காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கிறாள். வெங்காயம், பூண்டு சேராத சாப்பாட்டில்தான் விரதத்தை முடிக்கவேண்டும். கோயில் நடை திறக்கிற திங்கள், வெள்ளிகளில் இந்த ஓட்டலில் அதற்கென்று தனிச் சாம்பார் வைக்கிறார்கள்.

பரிமாறுகிறவர் தலை நரைத்த மனிதர், வேலைக்குப் புதுசு. அவசரத்தில் வாளி மாறிவிடுகிறது. பிசைந்த சோற்றில் வெங்காயத்தைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிடுகிறது. கண் கலங்குகிறது. எனக்கும் ஆத்திரம்தான். கும்பிட்ட கையோடு கோபப்படக்கூடாது என்று அடக்கிக்கொள்கிறேன்.

“மொதலாளி, இந்த ஆளை மொதல்ல வூட்டுக்கு அனுப்புங்க!” என்று பக்கத்து மேசைக்காரர் சத்தம் போடுகிறார். பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்குகிறார்.

கல்லாவை விட்டு முதலாளி ஓடிவருகிறார். கைபட்ட இலை என்றும் பார்க்காமல் தானே மடித்து எடுக்கிறார்.

“ரெண்டு வாளியையும் ஒண்ணுபோல வச்சது நான்தாங்கம்மா. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. வாயில வைக்கலைல்ல? ஆத்தா காப்பாத்திட்டா. கையைக் கழுவிட்டு வாங்க.”

புது இலை போட்டு, முதலாளியே சாம்பார் வாளியைத் தூக்குகிறார். என் மனைவி இலையைக் கையால் மறைக்கிறாள்.

“நீங்க வேணாங்க. அந்த அண்ணனே வந்து ஊத்தட்டும். எம் பொண்ணு பிரசவத்துக்கு இருக்குற வெரதம், அவரு மனசு நொந்து நிக்கையில எனக்குச் சோறு எறங்காது.”

பரிமாறியவர் வருகிறார். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.

“பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கும்மா” என்கிறார்.

அவள் முதல் கவளத்தை வாயில் வைக்கிறாள்.