தவராசா சார் இடது கையால் எழுதிய தாள்

சேகர்தான் போன் செய்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். "பாட்டி, தவராசா அங்கிள் காலையில தவறிட்டாரு. வாணிகிட்ட சொல்லிடுங்க லா" என்றார். வாணி என் பேத்தி. அப்போதுதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னதும் போய் அத்தனையையும் வாந்தி எடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி சாருடைய மனைவி பரமேஸ்வரி அம்மா கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், படித்தவர்கள் எழுதட்டும் என்றேன். "மற்ற ஆக்கள் எல்லாரும் நல்லவர், நல்லவர் எண்டுதான் எழுதுகினம். நீங்கள்தான் அவரோட சண்டை பிடிச்சனீங்கள். நீங்கள் எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன். தவராசா சார் நல்லவர் இல்லை. நியாயமானவர். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் அவரிடம் மாட்டியிருக்க மாட்டார்கள்.

அவரை ரயில்வேயில் பிளான் வரைந்தவராக மட்டும் அறிந்த சொந்தக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். பென்ஷன் வாங்கிய பிறகு அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டு. அறை அறையாகப் புகுந்து பேய்களைச் சுட வேண்டும். அந்த அறைகளையும் படிக்கட்டுகளையும் நாமே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டுவதை மேப் என்பார்கள். சார் தன் வீட்டு டெலிபோனில் ஒரு போர்டு நடத்தினார். மேப் செய்கிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு அடித்து, தாங்கள் செய்ததைப் போடுவார்கள், மற்றவர்கள் செய்ததை எடுப்பார்கள். ஒவ்வொரு மேப்போடும் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். யார் செய்தது, யாருடைய படத்தை எடுத்தது, அவரிடம் கேட்டாயிற்றா, இதை அடுத்தவர் மாற்றலாமா கூடாதா. குறிப்பு இல்லாததை சார் தொடமாட்டார்.

கிள்ளானில் எங்கள் சந்தையையும் பாலத்தையும் கோயில் வாசலையும் வைத்து வாணி ஒரு மேப் செய்தாள். பதினேழு வயது அவளுக்கு. நான்கு மாத வேலை. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய். அதில் ஓர் இரும்புக் கதவின் படம் மட்டும் பின்லாந்தில் யாரோ ஒருவர் செய்தது. இரண்டு மாதமாக அவருக்கு எழுதிப் பார்த்தாள், பதில் இல்லை. பதில் இல்லையே, வேண்டாம் என்றும் சொல்லவில்லையே என்று போட்டுவிட்டாள். குறிப்பிலும் அதை மறைக்காமல் எழுதினாள். சார் போன் செய்தார்.

"பிள்ளை, அவர் ஓம் எண்டு சொன்னவரோ?"

"பதில் வரலை அங்கிள்."

"மறுமொழி வராட்டில் அது இல்லை எண்டுதான். கேக்காமல் எடுக்கிறது களவு. கேட்டுப்போட்டுக் காத்திராமல் எடுக்கிறதும் களவு."

மேப்பை எடுத்துவிட்டார். போர்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், 'வாணி, கிள்ளான், களவு' என்று போட்டார். அதன் கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். கிள்ளான் பக்கம் போனால் வீட்டுக் கதவைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள் என்று ஒருவர். இன்றைக்கு எத்தனை கதவு ஆச்சு என்று இன்னொருவர். வாணி தினமும் அதைத் திறந்து படிப்பாள். வேண்டாம்மா என்றால் கேட்க மாட்டாள்.

மூன்று மாதம் கழித்து பின்லாந்துக்காரர் பதில் எழுதினார். வெளியூர் போயிருந்தாராம். தாராளமாக எடுத்துக்கொள், உன் மேப்பை எனக்கும் அனுப்பு என்று எழுதியிருந்தார். அதை அச்செடுத்து, வாணியையும் கூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். சார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார். மேப்பை எங்கள் கண்முன்னே திரும்பப் போட்டார். அந்த அறிவிப்பை எடுக்கவில்லை. "இண்டைக்கு அனுமதி வந்திட்டுது. அண்டைக்கு இல்லை. அண்டைக்குச் செய்தது களவுதானே அம்மா?" என்றார். பிறகு டீ கொடுத்தார். நான் குடிக்கவில்லை. வாணி குடித்தாள்.

அதே மனிதர் ஒருநாள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, வாணியின் மேப்பில் இருக்கிற படிக்கட்டைத் தன்னுடையதில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நீங்கள் கட்டினதில்லையே, அவவைக் கேக்கோணும்" என்றார். மூன்று தரம் கூப்பிட்டு, அவள் வாயால் சரி என்று கேட்ட பிறகுதான் எடுத்தார். குறிப்பில் அவள் பெயரை முதலில் போட்டார். அறிவிப்பு அப்போதும் இருந்தது. வாணி அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே கிடந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அவர் அப்போது மேப்பாகக் கட்டிக்கொண்டிருந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ். அவர் பிறந்த வரிசை வீடுகள், இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. டேப் வைத்து அங்குலம் விடாமல் அளந்து மூன்று வருடமாகச் செய்தார். பாதி தாண்டியபோது பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின.

ஆள் அனுப்பி வாணியை வரவழைத்தார். நானும் போனேன். படுக்கையில் சாய்ந்தபடி இடது கையால் அந்த மேப் இருந்த டிஸ்க்கை எடுத்து அவளிடம் நீட்டினார். என்ன கேட்கிறார் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் வாங்கக் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு இதையும் களவுன்னு சொல்லுவாங்க. எழுத்துல குடுங்க சார். தமிழ்லயே எழுதுங்க, எனக்கும் படிக்கத் தெரியணும்" என்றேன்.

பரமேஸ்வரி அம்மா தாளும் பென்சிலும் கொண்டு வந்து, அவர் முகத்தையே பார்த்தபடி தாளைப் பிடித்துக்கொண்டார். இடது கையால் இரண்டு சொல் எழுத சாருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைக்க விடவில்லை. எழுதி முடித்ததும் தாளை நான்தான் எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தது. ஆனாலும் 'வாணி முடிக்கலாம்' என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

"ஒண்ணும் புரியலையே சார்" என்று சொல்லி, மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னையே பார்த்தார். வாணி அழுதுகொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவர் மறுபடி பென்சிலைத் தேடினார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். அதிலிருந்து பதினோராம் நாள் இறந்தார்.

காரியம் முடிந்த பிறகு போர்டுக்காரர்கள் அவர் வீட்டில் கூடினார்கள். குவாட்டர்ஸ் மேப்பின் குறிப்பை சேகர் சத்தமாகப் படித்தார். 'நான் எழுத்தில் சொல்லாதவர் யாரும் இதைத் தொடக்கூடாது, அப்படி யாரும் இல்லாமல் நான் போனால் அழித்துவிடவும்' என்று இருந்தது. சேகர் வாணியைப் பார்த்து, "எழுத்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். வாணி என்னைப் பார்த்தாள். பர்ஸ் என் மடியில் இருந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு அப்போதும் நின்றது. "இல்ல" என்றாள் வாணி. அவர்கள் அழித்தார்கள். வீடு வீடாக, வரிசை வரிசையாகப் போக எவ்வளவு நேரமாகுமோ என்று நினைத்தேன். ஒரு நொடிதான் ஆனது. அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனோம்.

போன வாரம் டெலிபோன் லைனை வெட்டிவிட்டார்கள். போர்டும் போயிற்று, அறிவிப்பும் போயிற்று. அந்த அறிவிப்பை அவர் கையால் எடுக்க வைக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அது நடக்கவில்லை. வாணி இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான். அது வாணிக்கு எழுதியது, எனக்கு எழுதியதில்லை. அதைப் படிக்க முடிந்தது என்பதே இதைப் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியும். கேட்டால் கொடுப்பேன்.